பத்துக் கேள்வி கேட்டு மன அழுத்தத்தை அளக்க முடியுமா?

கேள்வி: ஒரு ஆய்வில் பத்துக் கேள்விகள் கேட்டு, என் மன அழுத்தம் 40-க்கு 23 என்றார்கள். ரத்தம்கூட எடுக்கவில்லை. இதை நம்பலாமா?

நம்பலாம். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். சுகாதார ஆய்வுகளுக்காக இதுபோன்ற கேள்வித்தாளோடு ஆட்களைச் சந்தித்துப் பேசுவதுதான் என் வேலை.

உங்களிடம் கேட்டது அநேகமாக பி.எஸ்.எஸ். (Perceived Stress Scale) எனப்படும், ஒருவர் தானே உணரும் மன அழுத்தத்தை அளக்கும் அளவுகோல். உளவியலாளர் ஷெல்டன் கோஹனும் இன்னும் இருவரும் 1983-ல் அமெரிக்காவில் வெளியிட்டது. முதலில் 14 கேள்விகள் இருந்தன; இப்போது அதிகம் புழங்குவது 10 கேள்விகள் கொண்ட வடிவம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

அதற்கு முன்பு ஹோம்ஸ், ராஹே இருவரும் 1967-ல் தந்த பட்டியல் பிரபலம். கணவனோ மனைவியோ இறந்தால் 100, கல்யாணம் ஆனால் 50 என்று நிகழ்வுகளுக்கே மதிப்பெண். ஆனால் வேலை போன இருவரில் ஒருவருக்குச் சொந்த வீடு இருக்கும், இன்னொருவருக்குக் கழுத்தளவு கடன் இருக்கும். பட்டியலில் இருவரும் ஒன்றுதான். கோஹன் குழு நிகழ்வை விட்டுவிட்டு, கடந்த ஒரு மாதத்தில் வாழ்க்கை கைமீறிப் போனதாக எத்தனை முறை தோன்றியது என்று கேட்டது. அதைச் சம்பந்தப்பட்டவர்தானே சொல்ல முடியும்? ரத்தத்திலோ எச்சிலிலோ பார்க்கும் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் காலையில் ஏறி இரவில் இறங்கும். மனதுக்குள் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லாது.

வாயால் சொல்வதற்கும் உடம்புக்கும் தொடர்பே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் ஸாலிஸ்பரியில் 394 ஆரோக்கியமானவர்களிடம் மன அழுத்தக் கேள்விகள் கேட்டுவிட்டு, மூக்கில் சளி வைரஸ் சொட்டுகளை விட்டுப் பார்த்தார்கள். 1991-ல் வெளியான முடிவு: மதிப்பெண் கூடக்கூட தொற்றும் சளியும் கூடின. பி.எஸ்.எஸ். அந்த மதிப்பெண்ணில் ஒரு பகுதி.

என் கவலையெல்லாம் கேள்வி கேட்கும் விதத்தைப் பற்றித்தான். சர்க்கரை நோய்க்கு மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மாவிடம், "உங்க பிரச்சினைகளைச் சமாளிக்க முடியும்னு எத்தனை தடவை நம்பிக்கையா இருந்தீங்க?" என்று கேட்டேன். அவர் மகனைப் பார்த்தார். "அம்மாவுக்கு என்ன குறை, எப்பவும் தைரியமா இருப்பாங்க" என்றார் மகன். அவரும் தலையாட்டினார். மகன் மாத்திரை வரிசைக்குப் போனதும் மறுபடி கேட்டேன். "எங்கேம்மா, ஒரு நாள்கூட இல்ல" என்றார். இந்தக் கேள்விக்கு மதிப்பெண் தலைகீழாகப் போடுவார்கள்: 'மிக அடிக்கடி' என்றால் 0, 'ஒருபோதும் இல்லை' என்றால் 4. மகன் பக்கத்தில் இருந்ததாலேயே நாலு மதிப்பெண் காணாமல் போயிருக்கும். பத்துக் கேள்வியில் நான்கு இப்படித் தலைகீழானவை. அவசரமாக வாசித்தால் ஆட்கள் எல்லாவற்றுக்கும் 'அடிக்கடி' என்று சொல்லிக்கொண்டே போவார்கள், கூட்டுத்தொகைக்கு அர்த்தமே இருக்காது.

சரி, உங்கள் 23? இத்தனைக்கு மேல் போனால் நோய் என்ற எல்லைக்கோடு இந்த அளவுகோலில் கிடையாது. இரவுப் பணி செவிலியர்களையும் பகல் பணி செவிலியர்களையும் ஒப்பிடுவதுபோல, குழுக்களை ஒப்பிடத்தான் இது உதவும். தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், மதிப்பெண் 10-ஆக இருந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். அடுத்த முறை ஆய்வுக்குக் கூப்பிட்டால், தாளை வாங்கித் தனியாக உட்கார்ந்து நீங்களே நிரப்புங்கள்.