குறைந்த செலவில் பார்பிக்யூ மேடை: கேள்வி பதில்

கேள்வி (கோவை): அண்ணா, தோட்டத்தில் பார்பிக்யூ மேடை கட்டப் போகிறேன். மேடை முழுவதும் ஃபயர் பிரிக்கில்தான் (சூடு தாங்கும் செங்கல்) கட்டவேண்டும் என்கிறார் கொத்தனார். கட்டுப்படியாகுமா?

பதில்: ஆகாது, தேவையும் இல்லை தம்பி. நெருப்பு படும் இடத்துக்கு மட்டும் ஃபயர் பிரிக், மற்றதெல்லாம் சாலிட் பிளாக், அதாவது கெட்டியான கான்கிரீட் கல். என் மேடை 6 அடி நீளம், இரண்டேகால் அடி அகலம், 3 அடி உயரம். 16×8×4 அங்குல பிளாக் 40 பிடித்தது. நடு அறையில் மட்டும் இரண்டு வரிசை பிளாக்குக்கு மேல் இரண்டரை அங்குல கான்கிரீட் சிலாப் போட்டேன். அதன்மேல் ஃபயர் பிரிக்கைப் படுக்கையாகப் பரப்பி, மூன்று பக்கமும் மூன்று வரிசை ஏற்றினேன். இதுதான் நெருப்புக் குழி, அதன் உள்ளளவு 2 அடிக்கு ஒன்றரை அடி. 35 கல்லில் முடிந்தது. முன்பக்கம் திறந்தே இருக்கட்டும். காற்றும் போகும், சாம்பலையும் இழுத்துவிடலாம்.

இந்தக் குழிக்குச் சிமென்ட் கலவை வேண்டாம். 400, 500 டிகிரி சூட்டில் அது பொடிந்து உதிரும். ஃபயர் க்ளே (சூடு தாங்கும் களிமண்) கலவையைத் தோசை மாவு பதத்தில் கரைத்து, கல்லை அதில் தோய்த்து ஒட்டுங்கள். இணைப்பு எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது. முக்கியமாக, குழிக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே அரை அங்குல இடைவெளி விடுங்கள். சூட்டில் கல் விரியும். இடம் இல்லாவிட்டால் வெளிச்சுவரைத் தள்ளி விரிசல் விடவைக்கும். 'ஏன் சார் ஓட்டை விடுகிறீர்கள்' என்று கொத்தனார் பூசி அடைக்கப் பார்ப்பார். பக்கத்திலேயே நில்லுங்கள்.

கேள்வி (மதுரை): மேலே கடப்பா கல் போடலாமா?

பதில்: போடலாம், குழியை ஒட்டி மட்டும் வேண்டாம். நான் ஒட்டிப் பதித்தேன், மூன்றாவது ஞாயிறே குறுக்காகப் பிளந்தது. இப்போது குழியைச் சுற்றி ஒரு வரிசை ஃபயர் பிரிக், அதற்கப்புறம்தான் கடப்பா.

கேள்வி (சென்னை): மொட்டை மாடியில் இதையே கட்டலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆள் நடமாடும் மாடிக்குப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்றுதான் கணக்கு வைத்துக் கட்டுகிறார்கள். இந்த மேடை நிற்பது ஒன்றேகால் சதுர மீட்டரில், எடையோ 1 டன்னைத் தாண்டும். மாடி என்றால் இரும்பு ஸ்டாண்டில் தகர அடுப்பு போதும் சார்.

கேள்வி (திருச்சி): வாட்டுவதற்கு ஜி.ஐ. கம்பிவலை மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: அதன் மேல் இருப்பது துத்தநாகப் பூச்சு. 419 டிகிரியில் உருகும், கரி நெருப்பு அதைத் தாண்டும். அந்தப் புகை கறியிலும் படும், நம் நெஞ்சிலும் இறங்கும். வெல்டிங் பட்டறையில் 304 என்ற தரத்து எவர்சில்வர் கம்பி, 8 மில்லிமீட்டரில், ஒரு சட்டம் அடித்து வாங்குங்கள் அக்கா. பிளாக்கில் மிச்சம் பிடித்த காசை இங்கே போடலாம்.

கேள்வி (கோவை): கட்டி முடித்த அன்றே பற்றவைக்கலாமா?

பதில்: 7 நாள் வெளிச்சுவருக்குத் தண்ணீர் விடுங்கள், குழியை நனைக்காதீர்கள். அப்புறம் இரண்டு வாரம் காயட்டும். முதல் நாள் நான்கைந்து சுள்ளி, அரை மணி நேரம். மறுநாள் கொஞ்சம் கூட்டுங்கள். உள்ளே தங்கிய ஈரம் மெதுவாக ஆவியானால்தான் கல் வெடிக்காது. ஐந்தாம் நாள் சீமைக்கருவேலங்கரி போட்டுக் கோழியை ஏற்றலாம்.