ஆரம்பகால அமெரிக்கப் பொற்காசுகள்: கேள்வி பதில்

கேள்வி: ஆரம்பகாலக் காசு என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதில்: 1795 முதல் 1834 வரை பிலடெல்பியா நாணயச்சாலையில் அடித்த தங்கக் காசுகளை. பத்து டாலர் ஈகிள், ஐந்து டாலர் ஹாஃப் ஈகிள், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள், மூன்றே வகை. முதலில் வந்தது ஹாஃப் ஈகிள். 1795 ஜூலை 31 அன்று 744 காசுகள். எடை 8.75 கிராம், 22 காரட். அதாவது நம் 916 தங்கத்தில் ஒரு சவரனுக்கு முக்கால் கிராம் கூடுதல்.

கேள்வி: 1822-ல் 17,796 ஹாஃப் ஈகிள் அடித்ததாகக் கணக்கு. ஆனால் மூன்றுதான் மிச்சமாம். மீதியெல்லாம் எங்கே சார் போச்சு?

பதில்: உலைக்குத்தான். 1792 சட்டம் ஒரு பங்கு தங்கத்துக்குப் பதினைந்து பங்கு வெள்ளி என்று நிர்ணயித்தது. ஐரோப்பாவிலோ தங்கத்துக்கு அதைவிடக் கூடுதல் வெள்ளி கிடைத்தது. விடுவார்களா வியாபாரிகள்? வெள்ளியைக் கொடுத்துத் தங்கக் காசு வாங்கி, கப்பலேற்றி உருக்கினார்கள். 1834-ல் விகிதத்தை ஏறக்குறைய பதினாறாக்கி, ஹாஃப் ஈகிளின் எடையை 8.36 கிராமாகக் குறைத்தார்கள். அப்புறம் பழைய ஐந்து டாலர் காசில் ஐந்து டாலரை மிஞ்சிய தங்கம். தப்பியிருந்தவற்றிலும் பெரும்பகுதி உருகியது. இன்னொன்று, பழைய ஆண்டு பொறித்த அச்சு தேயும் வரை அதையே பயன்படுத்துவார்கள். ஆகவே 17,796-லும் 1822 என்று பொறித்திருக்கும் என்று எண்ண வேண்டாம். மிஞ்சிய மூன்றில் இரண்டு அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில். மூன்றாவது 2021 ஏலத்தில் 84 லட்சம் டாலருக்குப் போனது.

கேள்வி: என்னிடம் காட்டிய 1803 ஹாஃப் ஈகிளில் எத்தனை டாலர் என்றே போடவில்லை. போலியா?

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. 1807-ல் நாணயச்சாலைப் பொறிப்பாளர் ஜான் ரெய்க் புது வடிவம் செய்தபோதுதான் ஹாஃப் ஈகிளில் "5 டி", அதாவது ஐந்து டாலர், என்று ஏறியது. அதற்கு முன் அளவும் எடையும்தான் அடையாளம். நீங்களும் முதலில் தராசில் வையுங்கள்.

கேள்வி: காசின் குறுக்கே அரம் தேய்த்த கோடுகள். "நாணயச்சாலையிலேயே வந்தது" என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: நம்பலாம், பார்த்துவிட்டு. அச்சடிக்கும் முன் ஒவ்வொரு வெறும் தங்க வில்லையையும் நிறுத்தார்கள். எடை கூடினால் அரத்தால் ராவினார்கள். குறைந்தால் மறுபடி உருக்கினார்கள். ராவிய வில்லை மேல் அச்சு விழும்போது கோடுகள் நசுங்கி மழுங்கும். அச்சு சரியாக அழுந்தாத இடத்தில் மட்டும் தெளிவாக நிற்கும். லென்ஸ் வைத்து, விளக்கொளியில் காசைச் சாய்த்துப் பாருங்கள். எழுத்தின் மேட்டையும் பக்கத்துச் சமதளத்தையும் ஒரே வேகத்தில் வெட்டிக்கொண்டு ஓடும் கூர்மையான, பளபளக்கும் கோடு என்றால் பிற்பாடு யாரோ கீறியது. பழைய கோடு குறையல்ல. ஆனாலும் காசில் உள்ள சுதந்திர தேவியின் முகத்திலேயே இருந்தால் நான் விலையைக் குறைத்துத்தான் கேட்பேன்.

கேள்வி: சங்கிலியில் கோத்திருந்த காசு மலிவாக வருகிறது தம்பி, வாங்கலாமா?

பதில்: வளையம் வைத்திருந்த இடத்தைப் பாருங்கள் ஐயா, பெரும்பாலும் தலைக்கு நேர் மேலே. அங்கே விளிம்புக் கீற்றுகள் அழிந்திருக்கும், பற்றவைத்த இடம் நிறம் மாறியிருக்கும், மறைக்க மெருகும் போட்டிருப்பார்கள். காசுகளைச் சோதித்துத் தரம் குறிக்கும் பிசிஜிஎஸ், என்ஜிசி நிறுவனங்கள் இரண்டும் இதற்கு முழுத் தரம் தருவதில்லை. மலிவாக வாங்கினால் மலிவாகத்தான் விற்க முடியும். கைபட்டுத் தேய்ந்த, யாரும் நோண்டாத காசே எனக்குப் பிடிக்கும்.

கேள்வி: எந்தக் காசிலிருந்து தொடங்குவது?

பதில்: 1802 முதல் 1812 வரையான ஹாஃப் ஈகிள். மற்றவற்றோடு ஒப்பிட்டால் கிடைக்கக்கூடியவை. நட்சத்திரமில்லாத 1796 குவார்ட்டர் ஈகிள் அடித்ததே 963, 1808-ல் 2,710. அவற்றைப் படத்தில் பார்த்துக்கொள்ளலாம். அவ்வளவு பணமில்லை என்றால் 1834-க்குப் பிந்தைய எடை குறைந்த காசு வாங்குங்கள். அது இந்த வரிசையில் சேராது, ஆனால் விலை வெகுவாகக் குறையும்.

கேள்வி: 1933-ல் தங்கக் காசுகளை அரசு வாங்கிக்கொண்டதே, இவை எப்படித் தப்பின?

பதில்: சேகரிப்போர் தனி மதிப்புத் தரும் அரிய காசுகளுக்கு அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையிலேயே விலக்கு இருந்தது.

கேள்வி: அழுக்காக இருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா அண்ணா?

பதில்: ஐயோ, வேண்டாம்! துணியால்கூடத் துடைக்காதீர்கள்.