பழைய கம்ப்யூட்டருக்கு எந்த பிரவுசர்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ரேம் குறைவான கணினியில் இணையம் பார்ப்பது பற்றிய கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறோம். பெரும்பாலானவர்கள் ஒரு பிரவுசரின் பெயரை மட்டும் கேட்கிறார்கள். பெயரை மாற்றுவதால் கிடைக்கும் பலன் குறைவு. திறக்கும் பக்கத்தில் என்னென்ன ஓடுகிறது, ரேம் நிரம்பியபின் மிச்சம் எங்கே போகிறது என்ற இரண்டும்தான் வேகத்தைத் தீர்மானிக்கின்றன. பதில்களில் இந்த இரண்டும் அடிக்கடி வரும்.

கேள்வி: கோர் 2 டுவோ, 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7. குரோம் 109-க்கு மேல் அப்டேட் ஆகவில்லை. வேறு எந்த லைட்டான பிரவுசரைப் போடலாம்?

விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றுக்கும் குரோமின் கடைசிப் பதிப்பு 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10 கட்டாயம். எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே உள்ளே, குரோமுக்கு அடிப்படையான அதே குரோமியம்தான். அதனால் அவற்றின் புதிய பதிப்புகளும் உங்கள் கணினியில் ஏறாது. ஃபயர்ஃபாக்ஸில் 115 ஈஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) கடைசி வரிசை. பாதுகாப்புத் திருத்தங்களுக்கான கெடுவை அதைத் தரும் மொசில்லா பலமுறை நீட்டித்தது உண்மை, ஆனால் அதை நம்பி ஆண்டுக்கணக்கில் உட்கார முடியாது. விண்டோஸ் 7-லேயே இருந்தாக வேண்டும் என்றால் இந்த 115 ஈஎஸ்ஆரைப் போடுங்கள். பணப் பரிமாற்றத்துக்கு மட்டும் அந்தக் கணினி வேண்டாம்.

சரியான வழி, பிரவுசரை விட்டுவிட்டு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை மாற்றுவது. கோர் 2 டுவோ 64-பிட் பிராசஸர். லினக்ஸ் வகைகளான ஆன்டிஎக்ஸ் அல்லது எம்எக்ஸ் லினக்ஸின் இலகுவான ஃபிளக்ஸ்பாக்ஸ் பதிப்பு அதில் நிம்மதியாக ஓடும், இன்றைய ஃபயர்ஃபாக்ஸும் கிடைக்கும். அதன் நிறுவல் கோப்பை (ஐஎஸ்ஓ) ரூஃபஸ் என்ற நிரல் கொண்டு பென்டிரைவில் எழுதி, ஹார்ட் டிஸ்க்கில் நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே முதலில் ஓட்டிப் பாருங்கள். அப்போது வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, மூடியை மூடித் திறந்தால் கணினி விழித்துக்கொள்கிறதா என மூன்றையும் சோதித்துவிடுங்கள். பழைய லேப்டாப்களில் பிராட்காம் வைஃபை சிப் இருந்தால் தனியாக டிரைவர் போட வேண்டி வரும். நிறுவிய பிறகு அதைக் கண்டுபிடித்தால் டிரைவரை இறக்க இணையமே இருக்காது.

கேள்வி: மூன்றே டேப்தான் திறந்திருக்கிறேன். டாஸ்க் மேனேஜரில் பிரவுசரின் பெயர் பதினைந்து முறை வருகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. இன்றைய பிரவுசர்கள் ஒரே நிரலாக ஓடுவதில்லை. விண்டோவுக்கு ஒன்று, கிராஃபிக்ஸுக்கு ஒன்று, நெட்வொர்க்குக்கு ஒன்று, எக்ஸ்டென்ஷன்களுக்கு (பிரவுசரில் நாம் சேர்க்கும் கூடுதல் நிரல்கள்) தனி, ஒவ்வொரு தளத்துக்கும் தனி எனப் பிரித்து ஓட்டுகின்றன. ஒரு பக்கத்துக்குள் வேறு தளத்தின் விளம்பரச் சட்டம் இருந்தால் அதற்கும் ஒரு பிராசஸ் (தனியாக ஓடும் துணை நிரல்). 2018 தொடக்கத்தில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பிராசஸர் குறைகள் வெளியே வந்தன. ஒரு தளம் மற்றொரு தளத்தின் தகவலை மெமரி வழியாக உளவு பார்க்கக்கூடும் என்பதால், அந்த ஆண்டே குரோம் 67 இந்தப் பிரிப்பை எல்லாருக்கும் இயக்கியது. மொத்த மெமரித் தேவை 10 முதல் 13 சதவீதம் கூடும் என்று கூகுளே அப்போது சொன்னது. ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் இதே பாதைக்கு வந்தது.

இந்தப் பிரிப்பை அணைக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். செய்யாதீர்கள். மிச்சமாகும் மெமரி கொஞ்சம், திறந்துவிடும் ஓட்டை பெரிது. எந்த டேப் தின்கிறது என்று பார்ப்பதுதான் பயனுள்ள வேலை. குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஷிஃப்ட் விசையோடு எஸ்கேப்பை அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி என்ற தலைப்பின் மேல் சொடுக்கினால் பெரியது மேலே வந்துவிடும். ஒரு மின்னஞ்சல் டேப் மட்டுமே 300, 400 எம்பி பிடித்திருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம். லினக்ஸில் டாப் கட்டளை காட்டும் எண்களை மட்டும் கூட்டிவிட வேண்டாம். பிராசஸ்கள் பகிர்ந்துகொள்ளும் பகுதி ஒவ்வொன்றின் கணக்கிலும் சேர்ந்து, கூட்டுத்தொகை உண்மையைவிடப் பெரிதாக வரும்.

கேள்வி: பேல் மூன், ஃபால்கன், மிடோரி, டில்லோ... இவையெல்லாம் உண்மையிலேயே லைட்டானவையா?

பிரவுசரைத் திறந்ததும் காலிப் பக்கத்தில் அளந்தால் லைட்தான். அந்த அளவு எதற்கும் உதவாது. ஒரு செய்தித் தளத்தைத் திறந்து அளக்க வேண்டும்.

ஃபால்கனின் மெனுவும் பட்டன்களும் சிறியவை, ஆனால் பக்கத்தை வரைவது க்யூடி வெப்எஞ்சின். அதுவும் குரோமியம்தான். எனவே கனமான தளத்தில் குரோமுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதைவிட, க்யூடி வெப்எஞ்சினுக்குத் திருத்தங்கள் வந்துசேரத் தாமதமாகும். மிடோரி ஒரு காலத்தில் வெப்கிட் என்ற வேறு எஞ்சினில் ஓடியது, இப்போது வருவது ஃபயர்ஃபாக்ஸ் வழியில் கட்டியது. பழைய கட்டுரைகளில் அதைப் புகழ்ந்திருப்பதை நம்பி இறக்காதீர்கள்.

பேல் மூன் மட்டும் தனி ரகம். கோயன்னா என்ற சொந்த எஞ்சின், எல்லா டேப்களுக்கும் ஒரே பிராசஸ். அதனால் நாலைந்து டேப் வரை மெமரி கண்கூடாகக் குறையும். இதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. ஒரு டேப் முரண்டு பிடித்தால் பிரவுசர் முழுவதும் உறையும். நேரடிப் பேச்சுக்கான வெப்ஆர்டிசி வசதி கிடையாது என்பதால் பிரவுசருக்குள் வீடியோ கால் செய்ய முடியாது. நகல் தடுப்பு வசதியான டிஆர்எம் இல்லாததால் கட்டணப் படத் தளங்கள் ஓடாது. ஃபயர்ஃபாக்ஸின் இன்றைய எக்ஸ்டென்ஷன்களும் ஏறாது. வலைப்பதிவு, விக்கிப்பீடியா, மன்றங்கள் வாசிப்பதுதான் உங்கள் முக்கிய வேலை என்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். படிவம் நிரப்புவது, பணம் கட்டுவது என்றால் ஃபயர்ஃபாக்ஸையும் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

டில்லோ, பக்கங்களுக்குள் ஓடும் நிரல்களான ஜாவாஸ்கிரிப்டை ஓட்டவே ஓட்டாது. சில பத்து எம்பியில் முடித்துக்கொள்ளும். பல ஆண்டுகள் தூங்கிக் கிடந்துவிட்டு 2024 மே மாதம் 3.1.0 பதிப்போடு மீண்டும் உயிர்பெற்றது நல்ல செய்தி. கையேடுகள், வெறும் எழுத்தாலான பக்கங்களுக்கு அதைப்போல வேகமானது கிடையாது.

கேள்வி: டில்லோ போட்டேன், வேகம் அருமை. ஆனால் தமிழ் எழுத்துகள் உடைகின்றன.

‘பெண்’ என்று எழுதியிருந்தால் கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொண்டு நிற்கும், அதுதானே? யுனிகோடில் தமிழ் சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. ப முதலில், எகரக் குறி அடுத்து எனச் சேமித்திருக்கும். திரையில் வரையும்போது குறியை முன்னால் நகர்த்த ஒரு தனி அடுக்கு வேண்டும். திரையில் வரைய டில்லோ பயன்படுத்தும் எஃப்எல்டிகே என்ற நிரல் நூலகத்தின் 1.3 வரிசையில் அந்த அடுக்கு இல்லை. எந்த எழுத்துருவை நிறுவினாலும் இது சரியாகாது. அதே சிறிய அளவில் தமிழும் வாசிக்க வேண்டும் என்றால் நெட்சர்ஃப் என்ற சிறு பிரவுசரின் ஜிடிகே பதிப்பைப் பாருங்கள். அது பாங்கோ என்ற எழுத்து அடுக்கின் மூலம் எழுத்துகளை வரைவதால் கொம்பு, கால் எல்லாம் இடத்தில் நிற்கும்.

எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் வந்தால் அது வேறு சிக்கல், எழுத்துரு இல்லை என்று பொருள். லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோகித் தமிழை நிறுவினால் போதும்.

கேள்வி: யூடியூப் 720பி-யில்கூட விக்கி விக்கி ஓடுகிறது. இணைய வேகம் நன்றாகத்தான் இருக்கிறது.

வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து ‘ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்’ என்பதைத் திறங்கள். கோடெக்ஸ் (வீடியோவை அமுக்கிய முறை) என்ற வரியில் ஏவி01 என்று தொடங்கினால் அது ஏவி1. விபி09 என்றால் விபி9. ஏவிசி1 என்றால் எச்.264. முதல் இரண்டையும் விரிக்கும் வன்பொருள் பழைய கிராஃபிக்ஸ் சிப்களில் கிடையாது. அதனால் மொத்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். அதே பெட்டியில் ‘டிராப்டு ஃபிரேம்ஸ்’ எண் ஏறிக்கொண்டே போவதையும் பார்க்கலாம்.

என்ஹான்ஸ்டு-எச்264ஐஃபை என்ற எக்ஸ்டென்ஷனைப் போட்டு, ஏவி1, விபி9 இரண்டையும் தடுத்துவிடுங்கள். யூடியூப் எச்.264 அனுப்பத் தொடங்கும். அதன் அமைப்பில் 60 ஃபிரேம் வீடியோக்களைத் தடுக்கவும் ஒரு பெட்டி உண்டு, அதையும் டிக் செய்யுங்கள். பாதி வேலை அங்கேயே குறையும். பிறகு பக்கத்தை மறுபடி ஏற்றி, கோடெக்ஸ் வரி ஏவிசி1 என மாறிவிட்டதா என்று உறுதி செய்யுங்கள். எச்.264-இல் 1080பி-க்கு மேல் யூடியூப் தருவதில்லை. உங்கள் திரைக்கு அது ஒரு இழப்பே இல்லை. இன்டெல் ஜிஎம்ஏ 950 போன்ற மிகப் பழைய சிப் என்றால் எச்.264-ஐயும் பிராசஸர்தான் விரிக்கும். அங்கே 480பி-யோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: ஐந்தாறு டேப் ஆனதும் ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையாமல் எரிகிறது. மவுஸ்கூட நகர்வதில்லை.

ரேம் தீர்ந்து, டிஸ்க்கை ரேம்போலப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டது. சுழலும் ஹார்ட் டிஸ்க் ஒரு நொடியில் சுமார் நூறு இடங்களுக்குத்தான் தாவ முடியும். பிரவுசரோ சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒரே நேரத்தில் கேட்கும். விண்டோஸில் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து மெமரி பகுதியில் ‘ஹார்ட் ஃபால்ட்ஸ்’ வரைபடத்தைப் பாருங்கள். உறையும் நேரத்தில் அது உச்சியில் நின்றால் காரணம் இதுவேதான்.

லினக்ஸில் இதற்கு அருமையான மருந்து இசட்ரேம். டிஸ்க்குக்குப் போக வேண்டியதை அமுக்கி ரேமுக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்துவிடும். பெரும்பாலும் இரண்டு மடங்குக்கு மேலேயே அமுங்கும். டெபியன் வகை லினக்ஸ்களில் இசட்ரேம்-டூல்ஸ் பொதியை நிறுவி, அதன் அமைப்புக் கோப்பில் சதவீதத்தை 50 என்று வைத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். பிராசஸர் மிகவும் பழையது என்றால் எல்இசட்4 என்ற அமுக்கும் முறை, சற்றே தெம்பானது என்றால் இசட்-ஸ்டாண்டர்ட். விண்டோஸ் 10-இல் இதேபோன்ற அமுக்கும் வசதி முன்பே உள்ளது. விண்டோஸ் 7-இல் இல்லை.

அடுத்து, டேப்களைத் தூங்க வைப்பது. குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரை ‘மேக்சிமம்’ நிலையில் வையுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் 140 முதல் டேப்பின் மேல் வலது கிளிக் செய்தாலே ‘அன்லோட் டேப்’ வருகிறது. டேப் பட்டையில் அப்படியே இருக்கும், மெமரி மட்டும் விடுபடும். படிவத்தைப் பாதி நிரப்பிய டேப்பை மட்டும் இப்படிச் செய்ய வேண்டாம், மீண்டும் ஏறும்போது எழுதியது போய்விடலாம்.

செலவு செய்ய முடிந்தால் முதலில் ரேம், அடுத்து சாட்டா எஸ்எஸ்டி (சுழலாத வேக டிஸ்க்). வாங்குமுன் போர்டு எவ்வளவு ரேம் ஏற்கும் என்று பார்த்துவிடுங்கள். 32-பிட் விண்டோஸில் 4 ஜிபி போட்டாலும் சுமார் 3 முதல் 3.5 ஜிபிதான் பயன்படும்.

கேள்வி: விளம்பரத் தடுப்பானே மெமரி தின்னும் என்கிறார்களே?

தின்னும். யுபிளாக் ஆரிஜின் தனக்கென்று சில பத்து எம்பி எடுத்துக்கொள்ளும். ஆனால் விளம்பரம் நிறைந்த ஒரே பக்கத்தில் அதைவிடப் பல மடங்கை மிச்சப்படுத்திக் கொடுத்துவிடும். பழைய கணினிக்கு நாங்கள் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷனைத்தான் பரிந்துரைக்க வேண்டும் என்றால் அது இதுதான். ஆசைக்கு எல்லாப் பட்டியலையும் டிக் செய்யாதீர்கள், இயல்பாக வருபவையே போதும். அதன் செட்டிங்ஸில் ஜாவாஸ்கிரிப்டை எல்லாத் தளங்களுக்கும் முடக்கிவிட்டு, தேவையான தளத்தில் மட்டும் திறந்துவிடும் வசதியும் இருக்கிறது. முதல் வாரம் எரிச்சலாக இருக்கும், பிறகு பழைய கணினியில் இதைவிடப் பெரிய வேக மாற்றம் வேறெதிலும் கிடைக்காது. குரோமில் 2025-இல் யுபிளாக் ஆரிஜினின் முழு வடிவம் நிறுத்தப்பட்டது, லைட் வடிவம்தான் உண்டு. ஃபயர்ஃபாக்ஸில் முழு வடிவம் தொடர்கிறது. நாங்கள் ஃபயர்ஃபாக்ஸ் பக்கம் சாய இதுவே முதல் காரணம்.

கேள்வி: எந்தத் தளத்தைத் திறந்தாலும் ‘இணைப்பு பாதுகாப்பானது அல்ல’ என்கிறது.

முதலில் தேதியைப் பாருங்கள். மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் இணைப்பைப் பிடுங்கிச் செருகும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். தளங்கள் தம்மை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ் எல்லாம் ‘இன்னும் தொடங்கவில்லை’ என்றாகிவிடும். பேட்டரியை மாற்றி, பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைச் சரிசெய்யுங்கள். தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் மட்டும் மறுத்தால், தளச் சான்றிதழ்களைச் சரிபார்க்கப் பழைய பிரவுசர் வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்கள் காலாவதியாகியிருக்கும். பல தளங்கள் சார்ந்திருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் முடிந்தது. அதேபோல ஃபயர்ஃபாக்ஸ் 128-க்கும், 115.13 ஈஎஸ்ஆருக்கும் முந்தைய பதிப்புகளில் 2025 மார்ச் 14-க்குப் பிறகு எக்ஸ்டென்ஷன்கள் முடங்கிவிட்டன. அப்டேட் செய்வது மட்டுமே தீர்வு.

கேள்வி: மெமரி கிளீனர் போடலாமா? தினமும் கேஷை அழித்தால் வேகம் கூடுமா?

இரண்டும் வேண்டாம். கிளீனர், பயன்பாட்டிலுள்ளதை டிஸ்க்குக்குத் தள்ளிவிட்டு ரேம் காலி என்று காட்டும். கேஷ் என்பது பிரவுசர் சேமித்து வைத்த நகல்கள், அதை அழித்தால் அதே படங்களை மறுபடி இறக்க வேண்டும்.

கேள்வி: ஆட்டம் என்270 நெட்புக், 1 ஜிபி ரேம். ஏதாவது வழி உண்டா?

இது 32-பிட் மட்டுமே. லினக்ஸில் 32-பிட் குரோம் 2016-லேயே நின்றது. ஃபயர்ஃபாக்ஸ் 144-தான் 32-பிட் லினக்ஸுக்கான கடைசி வழக்கமான பதிப்பு, 140 ஈஎஸ்ஆர் வரிசைக்கு மட்டும் 2026 செப்டம்பர் வரை திருத்தங்கள் அறிவிக்கப்பட்டன. ரேமை 2 ஜிபி ஆக்குங்கள், இந்த மதர்போர்டு அதற்கு மேல் ஏற்காது. 32-பிட் ஆன்டிஎக்ஸ், இசட்ரேம், ஜாவாஸ்கிரிப்ட் முடக்கிய ஃபயர்ஃபாக்ஸ் ஈஎஸ்ஆர், கூடவே நெட்சர்ஃப். ஒரு நேரத்தில் இரண்டு டேப். வாசிக்கவும் எழுதவும் இது தாங்கும். வீடியோ காலுக்கும் பணம் செலுத்தவும் வேறு கருவியை எடுங்கள்.