சொற்பொழிவு: சில கேள்விகள், பல கோபங்கள்

கேள்வி: சொற்பொழிவு என்றால் பேச்சுதானே? தனிச்சொல் எதற்கு?

திண்ணையில் பேசுவதும் பேச்சுதான். பொழிவது மழை. ஒருவரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, சபை நனையும்படி விரித்துச் சொல்வது சொற்பொழிவு. 'உரை' இன்னும் அடக்கமானது: வரவேற்புரை, ஆளுநர் உரை. 'நன்றிச் சொற்பொழிவு' என்று அழைப்பிதழில் அச்சடித்துப் பாருங்கள், கூட்டம் செருப்பைத் தேடும்.

கேள்வி: 'சொற்ப்பொழிவு' சரியா?

தவறு. ற் என்ற புள்ளியெழுத்தை அடுத்து இன்னொரு புள்ளியெழுத்து வராது. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி' எல்லாம் இதே நோய்.

கேள்வி: பிரசங்கம் கிறித்தவர்களின் சொல்தானே?

வடசொல், எந்த மதத்துக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் பார்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுகம், 1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தம் முதல் பிரசங்கத்தைச் செய்தார். பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அங்கே சைவப் பிரசங்கம் நடந்தது. 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' பட்டம் கொடுத்தது.

அதே வாசகர்: அப்படியானால் பாதிரிமாரிடம் வாங்கிய இரவல்தானே?

வடிவத்தில் கடன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் வெறும் கையோடு போய் வாங்கவில்லை. ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றவர் பொருள் சொல்லும் புராண படனம் அந்த ஊர்க் கோயில்களுக்குப் பழக்கமானது. அதில் பேசுபவர் செய்யுளின் பின்னாலேயே போகவேண்டும். நாவலர் செய்யுளின் கையை விட்டுவிட்டு, ஒரு பொருளைத் தலைப்பாக்கி உரைநடையில் பேசினார். புதுமை அங்கேதான் இருக்கிறது. இதற்கு மேலும் வாதிட்டால் உங்களை 'அதிகப்பிரசங்கி' என்பேன். அந்தச் சொல்லுக்கும் மதமில்லை.

கேள்வி: கதாகாலட்சேபமும் சொற்பொழிவா?

அதில் பாட்டும் தாளமும் உண்டு. இசை தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மேடை ஏறினால் கால் நடுங்குகிறது.

நான் சொல்லுக்கு மருத்துவன், காலுக்கு அல்ல. குறளில் 73ஆம் அதிகாரம், அவையஞ்சாமை.

கேள்வி: 'சொற்ப்பொழிவாளர்' என்று எழுதலாமா?

மேலே இரண்டாம் கேள்வியைப் படிக்கவும்.

கேள்வி: ஐயா, 'சிறப்பு சொற்ப்பொழிவு' என்று பேனர் அச்சாகிவிட்டது. மாலை ஆறு மணிக்கு விழா.

நடுவில் இருக்கும் ப் மீது வெள்ளைத்தாளை ஒட்டுங்கள். மறைத்த புள்ளி வீணாகாது: 'சிறப்பு'க்குப் பக்கத்தில் ஒரு ச் குறைகிறது.