முளைக்குச்சி அடித்தால் 160 ஏக்கர்

கேள்வி: அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்துக்கு 'சூனர் ஸ்டேட்' என்று பட்டப்பெயராமே, யார் அந்தச் சூனர்? (வாசகர், தேனி)

பதில்: வரிசையில் நிற்காமல் முந்திப் புகுந்த ஆசாமிகள்தான்! 1889 ஏப்ரல் 22, நண்பகல் 12 மணி. சுமார் 20 லட்சம் ஏக்கரை அரசு திறந்துவிட்டது. குதிரை, வண்டி, ரயில் என்று கிடைத்ததில் ஏறிக்கொண்டு ஏறக்குறைய 50,000 பேர் எல்லையில் காத்திருந்தார்கள். துப்பாக்கி வெடித்ததும் பாய வேண்டியது, பிடித்த இடத்தில் முளைக்குச்சி அடிக்க வேண்டியது. அப்புறம் 5 வருஷம் அங்கேயே குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். காலையில் ஒரு ரயில் நிலையமும் சில கட்டடங்களுமாகக் கிடந்த கத்ரி, பொழுது சாய்வதற்குள் சுமார் 10,000 பேர் கூடாரம் போட்ட ஊராகிவிட்டது. நேரத்துக்கு 'முன்பே' நுழைந்தவருக்கு நிலம் கிடையாது என்றது சட்டம். அந்த 'முன்பே'தான் ஆங்கிலத்தில் சூனர். முதல் நாளே புதருக்குள் பதுங்கிவிட்டு, வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்ததாகக் காட்டக் குதிரைமேல் சோப்பு நுரை தடவியவர்கள் பற்றிக்கூடக் கதை உண்டு.

சரி, நிலம் யாருடையது? நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். 1830-ல் ஒரு சட்டம் போட்டு, கிழக்கே வாழ்ந்த பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கிளப்பினார்கள், இனி இது உங்கள் இடம் என்ற வாக்குறுதியோடு. 1838-39-ல் அப்படி வந்த செரோக்கி மக்களில் மட்டும் சுமார் 4,000 பேர் செத்தார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கு மாநிலங்களோடு சேர்ந்தீர்களே என்று சொல்லி, 1866-ல் கிரீக், செமினோல் என்ற பூர்வகுடி மக்களிடம் எழுதி வாங்கிய பகுதியில்தான் 1889-ன் அந்த ஓட்டம் நடந்தது.

1890-ல் மேற்குப் பாதி ஓக்லஹோமா பிரதேசம் ஆனது, கிழக்குப் பாதி பூர்வகுடிகளின் 'இந்தியப் பிரதேச'மாகவே நின்றது (அங்கே பூர்வகுடிகளுக்கு 'இந்தியர்' என்றுதான் பெயர்). கிழக்கத்தியவர்கள் 1905-ல் மஸ்கோகியில் கூடி, தனி மாநிலத்துக்கு அரசியலமைப்பே எழுதி, செரோக்கி மொழிக்கு எழுத்து உண்டாக்கிய செக்கோயாவின் பெயரையும் வைத்து, வாக்கெடுப்பிலும் ஜெயித்தார்கள். வாஷிங்டன் கண்டுகொள்ளவில்லை.

1907 நவம்பர் 16-ல் இரண்டையும் சேர்த்து 46-வது மாநிலம். அன்று கத்ரி நூலகப் படிக்கட்டில் ஒரு பொம்மைக் கல்யாணம் வேறு நடத்தினார்கள்: மாப்பிள்ளை ஓக்லஹோமா பிரதேசம், மணப்பெண் இந்தியப் பிரதேசம். பெண் வீட்டாரின் சம்மதம்தான் 1905-லேயே தெரிந்துவிட்டதே! 113 வருஷம் கழித்து, 2020-ல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்று தீர்ப்புச் சொன்னது: கிரீக் மக்களுக்கு ஒதுக்கிய பகுதியை நாடாளுமன்றம் ஒருபோதும் ரத்து செய்யவில்லை, குற்ற வழக்குகளைப் பொறுத்தவரை அது இன்றும் பழங்குடிப் பகுதிதான். டல்சா நகரின் பெரும்பகுதி அந்த எல்லைக்குள் இருக்கிறது.