மெஷினை விட்டு வந்த குழந்தையைக் குப்புறப் போடலாமா?

கேள்வி: பென்னாகரம் பக்கம் எங்கள் ஊர். மனைவிக்கு 29-வது வாரத்திலேயே பிரசவமாகிவிட்டது. ஆண் குழந்தை, 1,150 கிராம். தருமபுரியில் என்ஐசியுவில் (பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான். ஐந்து நாள் வென்டிலேட்டர். நேற்றுதான் எடுத்துவிட்டு மூக்கில் சிபாப் (காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) வைத்தார்கள். நர்ஸ் அவனைக் குப்புறப் படுக்கவைத்திருக்கிறார். கண்ணாடி வழியாகப் பார்த்த என் அம்மா, "மூச்சு முட்டிடாதா" என்று அழுகிறார். மூத்தவள் பிறந்தபோது மல்லாக்கத்தான் போட வேண்டும் என்றார்களே, எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். அங்கே மானிட்டர் இருக்கிறது, வீட்டில் இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

உங்கள் மகனுக்கு விலா எலும்பு இன்னும் கெட்டிப்படவில்லை, நெஞ்சுக்கூடு மென்மையாக வளைந்து கொடுக்கும். மல்லாக்கக் கிடந்து மூச்சை இழுத்தால் காற்று உள்ளே போவதற்குப் பதில் நெஞ்சுக்கூடே உள்வாங்கும். விலாவுக்குக் கீழே குழி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். குப்புறப் போட்டால் படுக்கையே நெஞ்சுக்கு முட்டுக் கொடுக்கிறது. நெஞ்சும் வயிறும் சேர்ந்து அசைகின்றன. முதுகுப் பக்கத்து நுரையீரலும் நன்றாக விரிகிறது. மெஷின் செய்த வேலையைத் தானே செய்யத் தொடங்கும் குழந்தைக்கு இந்தச் சின்ன மிச்சம் பெரிது.

அதற்காக இதை மந்திரமாக நினைக்க வேண்டாம். ஆக்சிஜன் அளவு ஓரளவு கூடுவது உண்மை. குப்புறப் போட்டதால்தான் குழந்தை மெஷினை விட்டு வந்தது என்று சொல்ல உறுதியான ஆதாரம் இல்லை. சிபாப், மூச்சு நின்று நின்று போகாமலிருக்கக் கொடுக்கும் கேஃபின், இவைதான் பெரிய துணை. நர்ஸ் சில மணி நேரத்துக்கொரு முறை பக்கம் மாற்றுவார், அதையும் கவனியுங்கள். எப்படிப் படுத்தாலும் கழுத்து மடங்கக் கூடாது. முகவாய் நெஞ்சில் இடித்தால் இவ்வளவு சின்ன மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும்.

அம்மாவிடம் மானிட்டரைக் காட்டுங்கள். ஆக்சிஜன் கொடுக்கும் குறைமாதக் குழந்தைக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பொதுவாக 90 முதல் 95 சதவீதம் வரை வைத்திருப்போம். அது இறங்கினால் அலாரம் அடிக்கும், நர்ஸ் ஓடி வருவார்.

32 வாரத்தைத் தாண்டி மூச்சும் சீரானதும் மல்லாக்கப் படுக்கப் பழக்குவார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒரு வயது வரை பகலோ ராத்திரியோ மல்லாக்கத்தான் தூங்க வேண்டும். திடீரெனத் தூக்கத்தில் நேரும் மரணம் குப்புறப் படுக்கும் குழந்தைகளுக்கு அதிகம், குறைமாதத்தில் பிறந்தால் இன்னும் அதிகம். ஆஸ்பத்திரியில் குப்புறப் பார்த்த பெற்றோர் வீட்டிலும் அப்படியே போட்டுவிடுகிறார்கள்; என் பயமே அதுதான். 'மல்லாக்கப் போட்டால் பால் புரையேறும்' என்பார் பாட்டி. ஏறாது. மல்லாக்கப் படுக்கும்போது உணவுக்குழாய் கீழே, மூச்சுக்குழாய் மேலே.

டாக்டர் சம்மதித்ததும் கங்காரு பராமரிப்பைக் கேளுங்கள்; குழந்தையை வெற்று மார்போடு அணைத்து வைத்துக்கொள்வதுதான் அது. சிபாப் இருந்தாலும் செய்யலாம். மனைவி களைத்திருந்தால் நீங்களே சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்ந்து உட்காரலாம். தலை ஒரு பக்கம் திரும்பியிருக்கட்டும். நீங்கள் தூங்கிவிடக் கூடாது.

பாட்டிமார் கோபிப்பார்கள், பரவாயில்லை: தூளியில் முதுகு வளைந்து முகவாய் நெஞ்சில் இறங்கிவிடும். மூத்தவள் ஆடிய சேலை இப்போதைக்குப் பெட்டியிலேயே இருக்கட்டும்.