டிவியில் வெட்டுப்படும் ஓரமும் இடம் தவறும் கர்சரும்: கேள்வி பதில்

லினக்ஸ் டிஸ்ப்ளே டிரைவர்களில் ஸ்கேலிங் (படத்தைப் பெரிதாக்குவது, சுருக்குவது), கர்சர் இரண்டும்தான் என் பேட்டை. அதைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். எந்த கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி: கம்ப்யூட்டரை ஹெச்டிஎம்ஐ வழியாக டிவியில் போட்டால் கீழே டாஸ்க்பார் பாதி மறைகிறது. டிரைவரில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: டிரைவரைத் தொடாதீர்கள், ரிமோட்டை எடுங்கள். பிக்சர் டியூப் காலத்தில் படத்தின் ஓரம் ஒரே இடத்தில் நிற்காது. அதனால் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள். அதுதான் ஓவர்ஸ்கேன். எல்சிடி வந்த பிறகு அதற்கு வேலையே இல்லை, ஆனால் பழக்கம் போகவில்லை. டிவி மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’, ‘1:1’ என்று ஏதோ ஒரு பெயரில் அதை நிறுத்தும் வழி இருக்கும். அதை விட்டுவிட்டு டிரைவரில் அண்டர்ஸ்கேன், அதாவது படத்தைச் சுருக்கிச் சுற்றிலும் ஓரம் விடும் வசதி, போட்டால், டிரைவர் சுருக்குவதை டிவி மறுபடி இழுக்கும். இரண்டு தடவை ஸ்கேல் ஆன எழுத்தைப் படித்தால் தலைவலிதான் மிச்சம்.

கேள்வி: என் டிவி மெனுவில் அப்படி எதுவும் இல்லை சார். பழைய ரேடியான் கார்டில் அண்டர்ஸ்கேனை ‘ஆன்’ செய்தேன். படம் முழுசாகத் தெரிகிறது, ஆனால் வட்டம் லேசாக நசுங்கித் தெரிகிறது. பிரமையா?

பதில்: பிரமை இல்லை. ஓரத்தின் அளவை நீங்கள் கொடுக்காவிட்டால் ரேடியான் டிரைவர் தானே ஒரு கணக்குப் போடும்: அளவை 32-ஆல் வகுத்து அதோடு 16 கூட்டு. அகலம் 1920 என்றால் பக்கத்துக்கு 76. உயரம் 1080 என்றால் 49. மிஞ்சுவது 1768 × 982. அகலம் 92.1 சதவீதமாகவும் உயரம் 90.9 சதவீதமாகவும் சுருங்குகிறது. இரண்டுக்கும் அதே 16-ஐக் கூட்டுவதால் வந்த வினை.

‘அண்டர்ஸ்கேன் ஹெச்பார்டர்’ (இடது, வலது ஓரம்) 64, ‘அண்டர்ஸ்கேன் விபார்டர்’ (மேல், கீழ் ஓரம்) 36 என்று எக்ஸ்ரேண்டர் என்ற திரை அமைப்புக் கட்டளையில் நீங்களே கொடுங்கள். 1792 × 1008 கிடைக்கும். இரண்டும் சரியாக 15-இல் 14 பங்கு, வட்டம் வட்டமாக இருக்கும்.

நாளைக்கே புது கார்டு போட்டு இதே எண்களைக் கொடுத்துவிட்டு என்னிடம் வராதீர்கள். ரேடியானில் இந்த எண் ஒரு பக்கத்துக்கு. புது ஏஎம்டி கார்டுகளுக்கான ஏஎம்டிஜிபியு டிரைவரின் புதிய டிஸ்ப்ளே பகுதியில் அதே பெயருள்ள எண் இரண்டு பக்கமும் சேர்த்து. அங்கே 128, 72 கொடுக்க வேண்டும். ஒரே பெயர், இரண்டு அர்த்தம். இதில் நானே ஒரு சனிக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

கேள்வி: எனக்கும் ரேடியான்தான். ‘ஆட்டோ’ வைத்தால் சாதாரண மானிட்டரிலும் கறுப்பு ஓரம் வருகிறதே?

பதில்: எதிரே இருப்பது ஹெச்டிஎம்ஐ கருவியா, படத்தின் உயரம் 480, 576, 720, 1080 இவற்றில் ஒன்றா என்று மட்டும்தான் ‘ஆட்டோ’ பார்க்கும். இரண்டும் ஆம் என்றால் டிவி என்று முடிவு கட்டிவிடும். உங்கள் 1080 மானிட்டர் அதில் மாட்டிக்கொண்டது. ‘ஆஃப்’ செய்யுங்கள்.

கேள்வி: நான் ஒரு சிறிய போர்டுக்கு டிரைவர் எழுதுகிறேன். திரையைச் சுருக்கியதும் கர்சர் ஓர் இடத்திலும் கிளிக் இன்னோர் இடத்திலும் விழுகிறது. எங்கே தப்பு அண்ணா?

பதில்: வாங்க தம்பி, இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் ஒன்றைக் கண்டுபிடியுங்கள்: உங்கள் சிப்பில் கர்சர் படத்தோடு கலப்பது ஸ்கேலருக்கு (படத்தைச் சுருக்கும் பகுதிக்கு) முன்பா, பின்பா? முன்பு என்றால் படத்தோடு சேர்ந்து கர்சரும் சுருங்கும், இடமும் தானாகச் சரியாகும். டிரைவர் சும்மா இருந்தால் போதும். பின்பு என்றால் மாற்றிய இடத்தை நீங்களே கணக்கிட்டு எழுத வேண்டும். ஓரம் 64, அகலம் 1920-இலிருந்து 1792 என்றால், புது இடம் = 64 + பழைய இடம் × 14/15. திரையின் நடுவில், 960-இல், பிழை தெரியவே தெரியாது, ஏனென்றால் அங்கே பழைய இடமும் புது இடமும் ஒன்றுதான். ஓரங்களில்தான் குட்டு உடையும். நடுவில் மட்டும் சோதித்துவிட்டு ‘வேலை செய்கிறது’ என்று அனுப்பிவிடுவது இந்தத் தொழிலின் பழைய வியாதி.

அப்புறம் ஹாட்ஸ்பாட், அதாவது கர்சர் படத்தில் கிளிக் விழும் புள்ளி. ஸ்கேலருக்குப் பின் கலக்கும் கர்சர் படம் சுருங்குவதில்லை. அதன் இடது மேல் மூலையைச் சுருக்கிக் கணக்கிட்டால், கிளிக் புள்ளி தள்ளிப் போகும். அம்புக்குறிக்கு ஹாட்ஸ்பாட் மூலையருகே இருப்பதால் தெரியாது. 64 பிக்சல் குறுக்குக்கோட்டுக் கர்சருக்கு ஹாட்ஸ்பாட் 32-இல் இருந்தால் இரண்டு பிக்சல் தவறும். ஹாட்ஸ்பாட்டைக் கூட்டி, சுருக்கி, பிறகு கழியுங்கள். வரிசை மாறக் கூடாது.

ராஸ்பெரி பை என்ற சிறு கம்ப்யூட்டரின் விசி4 டிஸ்ப்ளே டிரைவர் வேறு வழியில் போகிறது. ஒவ்வொரு பிளேனின், அதாவது திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஒவ்வொரு பட அடுக்கின், இடத்தையும் அளவையும் தனித்தனியாக ஓரத்துக்கு ஏற்பச் சுருக்குகிறது. கர்சரும் அதில் ஒரு பிளேன், அவ்வளவுதான். ஏஎம்டியின் டிசிஎன் வகை டிஸ்ப்ளே சிப்புகளில் கர்சருக்குத் தனி பிளேனே கிடையாது. அடியில் எந்தப் படம் இருக்கிறதோ அதன் ஸ்கேலிங்கே கர்சருக்கும் வரும். டெஸ்க்டாப் 1:1, அதன்மேல் பெரிதாக்கிய வீடியோ பிளேன் ஒன்று என்றால் கர்சரின் அளவு எதை ஒட்டி வரும்? இந்தச் சிக்கலுக்காகவே 2024-இல் கர்சரை வேறொரு ஓவர்லே பிளேனில் வரையும் முறையைச் சேர்த்தார்கள்.

கேள்வி: டிவியில் ஓரம் வெட்டுப்படுகிறது. இன்டெல் சிப். வழி உண்டா?

பதில்: முதல் பதில்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? ஹார்ட்வேர் கர்சரை நிறுத்திவிட்டு சாஃப்ட்வேர் கர்சர் வைத்தால் எல்லாம் ஒரே படம், சுருக்கினால் சேர்ந்து சுருங்கும். இன்றைய பிராசஸருக்கு ஒரு அம்புக்குறி வரைவது பெரிய காரியமா?

பதில்: வரைவது பெரிதில்லை, காத்திருப்பதுதான் பெரிது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு ஃப்ரேம் 16.7 மில்லி விநாடி. சாஃப்ட்வேர் கர்சர் அடுத்த ஃப்ரேம் தயாராகும்வரை நகராது. கேம் திணறினால் கர்சரும் திணறும். ஹார்ட்வேர் கர்சரைச் சிப்பே படத்தின்மேல் வைக்கும், அதன் ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடத்தில்) இடத்தை எழுதினால் போதும். 64 × 64 கர்சர் வெறும் 16 கிலோபைட், அதை ஒரு தடவை ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது.

அவரே மறுபடி: அதனால்தான் விண்டோவை இழுக்கும்போது கர்சர் முன்னால் ஓடுகிறது, விண்டோ பின்னால் தொங்கிக்கொண்டு வருகிறது. அது மட்டும் அழகா?

பதில்: இல்லை. அந்த அடியை வாங்கிக்கொள்கிறேன். கர்சரைப் படத்தோடு ஒரே கமிட்டில், அதாவது ஒரே தொகுப்பாக, அனுப்பினால் ஒட்டிக்கொண்டு வரும், ஆனால் அதுவும் ஃப்ரேமுக்குக் காத்திருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும். கர்னலில், அதாவது லினக்ஸின் மையப் பகுதியில், பழைய கர்சர் அழைப்புகளுக்கு மட்டும் காத்திருக்காமல் போக ஒரு குறுக்குவழி இன்னும் இருக்கிறது. அதை எடுத்தால் பயனர்கள் கத்துவார்கள்.

அவரே: ஆக, தோற்றுவிட்டீர்கள்.

பதில்: கர்சரை 3 மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். வழக்கமான 24 பிக்சல் 72 ஆகும். 64-க்கு மேல் ஏற்காத ஹார்ட்வேரில் அது தானாகவே சாஃப்ட்வேர் கர்சராகிவிடும். ஒரு வாரம் அதோடு குடும்பம் நடத்திவிட்டு வாருங்கள், பேசலாம்.

கேள்வி: விண்டோஸில் கறுப்பு ஓரம் வருகிறது, என்ன செய்ய?

பதில்: உங்கள் கிராபிக்ஸ் கார்டின் செட்டிங்ஸில் அண்டர்ஸ்கேன் ஸ்லைடரைத் தேடுங்கள். மேலே போகலாம்.

கேள்வி: ராஸ்பெரி பையில் கான்ஃபிக் கோப்பில் ஓவர்ஸ்கேன் வரிகளை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

பதில்: அந்த வரிகள் ஃபர்ம்வேருக்கானவை, அதாவது போர்டின் அடிநிலை மென்பொருளுக்கானவை. இப்போது திரையை ஆள்வது கர்னல் டிரைவர். கர்னல் கட்டளை வரியில் வீடியோ பகுதியில் மார்ஜின் அளவுகளைக் கொடுங்கள். அதற்கு முன்னால் ரிமோட்டைப் பார்த்தீர்களா?

கேள்வி: டிவியில் ஓரம்...

பதில்: ரிமோட்.

கேள்வி: போர்டு டிரைவர் எழுதும் அதே தம்பிதான் அண்ணா. ஹாட்ஸ்பாட் வரிசையை மாற்றினேன், சரியாகிவிட்டது. ஆனால் கர்சர் இடது ஓரத்தைத் தாண்டும்போது திடீரென்று வலது பக்கம் தோன்றுகிறது.

பதில்: மைனஸ் எண்ணை ரெஜிஸ்டரில் எழுதுகிறீர்கள். குறி இல்லாத ரெஜிஸ்டரில் அது பெரிய எண்ணாகிவிடும். ரேடியானில் செய்வது போலச் செய்யுங்கள்: இடம் -10 என்றால் இடத்தை 0 ஆக்கி, கர்சர் படத்தில் இடப்பக்கம் முதல் 10 பிக்சல் பத்தியை விட்டுவிட்டு வரையச் சொல்லும் ஆரிஜின் மதிப்பைக் கொடுங்கள். இரண்டையும் எழுதும்வரை கர்சர் ரெஜிஸ்டர்களைப் பூட்டி வையுங்கள், இல்லாவிட்டால் பாதி மாறிய நிலையில் ஒரு ஃப்ரேம் துள்ளும். ரேடியானின் கர்சர் கோப்பு சின்னதுதான், ஒரே மாலையில் படித்துவிடலாம். இரண்டு திரை ஓடும்போது கர்சரின் வலது விளிம்பு 128-இன் மடங்கில் முடியக் கூடாது என்று ஒரு பழைய சிப்புக்கான விதியும் அதில் இருக்கிறது. உங்கள் போர்டிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று டேட்டாஷீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.